முதல் போன் யாருக்கு?

கனகசெட்டிக்குளத்திலிருந்து புதுச்சேரி டவுனுக்கு ஈ.சி.ஆர். வழியாகப் போனால், நடுவில் தமிழ்நாடு வந்து போகும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை அப்படி. கிளம்புவது புதுச்சேரி, போய்ச் சேருவதும் புதுச்சேரி. இடையில் பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் விழுப்புரம் மாவட்டம். அந்தச் சாலையில் தினமும் ஒரே ஸ்கூட்டரில் ஓர் அக்காவும் தம்பியும் ஒரே கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள்.

தம்பி ஐ.டி. சப்போர்ட். லேப்டாப், பிரிண்டர், வைஃபை, மறந்துபோன பாஸ்வேர்டு எல்லாம் அவன் பாடு. அக்கா டெவ்ஆப்ஸ். புரோகிராமர்கள் எழுதியதை சர்வரில் ஏற்றுவது, அது விழாமல் பார்த்துக்கொள்வது, விழுந்தால் நள்ளிரவானாலும் எழுந்து சரிசெய்வது. "ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்தானே பார்க்குறீங்க, அவளுக்கு மட்டும் ஏன்டா சம்பளம் கூட?" என்று அம்மா ஒருமுறை கேட்டுவிட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டில் யாரும் பேசவில்லை.

ஒரு செவ்வாய் இரவு, வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் வி.பி.என். அமைப்பை அக்காவின் டீம் மாற்றியது. சர்வர் பக்கம் எல்லாம் பச்சை. காலையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. அத்தனை போனும் தம்பிக்கு. என்ன மாறியதென்றே தெரியாமல் ஒவ்வொரு லேப்டாப்பாகத் தேடினான். பதினோரு மணிக்கு அக்கா சீட்டுக்கு வந்து, "நேத்து ராத்திரி எதையாச்சும் தொட்டியா?" என்றான். ஒரே ஸ்கூட்டரில் வந்தவர்கள்!

இதே கதை உலகம் முழுக்க நடந்தது 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி, நம் நேரப்படி காலை 9.39க்குப் பிழையான அப்டேட் ஒன்றை அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றது. அதற்குள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் நீலத்திரை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பியது ஒரு பட்டன், சரிசெய்தது கைகள். சப்போர்ட் ஊழியர்கள் பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து, 48 இலக்க பிட்லாக்கர் சாவியைத் தட்டி, ஒரே ஒரு ஃபைலை அழித்தார்கள். அப்டேட்டை இனி படிப்படியாக அனுப்புவோம் என்று கம்பெனி பிறகு சொன்னது.

இதில் ஒரு வேடிக்கை. டெவ்ஆப்ஸ் என்ற பெயர் பரவியதே 2009இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பேட்ரிக் டெபுவா கூட்டிய கூட்டத்துக்குப் பிறகுதான். எழுதுகிறவருக்கும் சர்வரை ஓட்டுகிறவருக்கும் நடுவில் இருந்த சுவரை இடிக்க வந்த பெயர். பல ஆபீஸ்களில் அந்தச் சுவர் நகர்ந்து சப்போர்ட் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டது.

அக்காவும் தம்பியும் ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தார்கள். சர்வர் அவள் பொறுப்பு, லேப்டாப் அவன் பொறுப்பு என்பது இரண்டே வரி. மீதிப் பக்கம் முழுக்க நடுவில் கிடப்பவை: வி.பி.என்., அனுமதிகள், லேப்டாப்பில் உட்காரும் பாதுகாப்பு மென்பொருள். ஊழியரின் மெஷினைத் தொடும் எந்த மாற்றமும் முந்தைய நாளே சப்போர்ட்டுக்குத் தெரிய வேண்டும். முதலில் ஐந்து லேப்டாப்பில் போட்டுப் பார்க்க வேண்டும். 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை சப்போர்ட்டுக்கும் உண்டு. கடைசி வரிக்குத்தான் மேனேஜர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சம்பளம் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

போன வாரம் கோட்டக்குப்பம் தாண்டும்போது, "நாளைக்கு ராத்திரி லாகின் பக்கத்தை மாத்துறோம்டா" என்றாள் அக்கா.

"வண்டியில சொன்னா செல்லாது. டிக்கெட் போடு" என்றான் தம்பி.