ஆறுதல்



கலிபோர்னியாவில் ஒரு தமிழ்ச் சபையில் நான் ஊழியம் செய்துவந்த நாட்களில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் வாழ்ந்துவந்தார். ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி; மனைவியை இழந்தவர். அவருடைய கார் கொட்டகையில் 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு கார் ஒன்று, சக்கரமும் இயந்திரமும் இன்றி, மரக்கட்டைகளின்மேல் நின்றுகொண்டிருந்தது. அதை அவர் ‘ஹாட் ராட்’ ஆக்கிக்கொண்டிருந்தார்.

பழைய காரைப் பழையபடியே மீட்டெடுப்பது வேறு, ஹாட் ராட் கட்டுவது வேறு. பாரமான பாகங்களைக் கழற்றி, இயந்திரத்தின் வலிமையைக் கூட்டி, வேகத்துக்கென்று காரை மறுபடியும் கட்டுவதே ஹாட் ராட். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட வி-8 இயந்திரத்தைச் சாமானியரும் வாங்கக்கூடிய காரில் வைத்தது. அதன் திறன் 65 குதிரைத்திறன்தான். ஆயினும் அந்நாளில் அது பெரிய காரியம். கைமாறி வந்த அந்தக் கார்களைத் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கும் எத்தனையோ வீட்டுக் கொட்டகைகளில் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

வேலையின் பெரும்பகுதி வேகத்தைப் பற்றியதன்று, துருவைப் பற்றியது என்பதை அங்கே போன பிறகே அறிந்தேன். நான் அங்கே போனதற்குக் காரணம் காரன்று, என் மகன்.

அவன் அப்போது கல்லூரியில் முதலாண்டு படித்துவந்தான். இரண்டு பாடங்களைப் பாதியில் கைவிட்டதை எங்களிடம் மறைத்திருந்தான். தெரியவந்த இரவில் அவனை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். அந்த இரண்டு பாடங்களைப் பற்றி மட்டுமா பேசினேன்? அவனுடைய சோம்பல், அவனுடைய நண்பர்கள், நாங்கள் பட்ட பாடு, சபையார் என்ன நினைப்பார்கள் என்பது வரை ஒன்றையும் விடவில்லை. நான் சொன்னவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதன் பிறகு மூன்று மாதங்கள், “ஆம்”, “இல்லை” என்பவற்றைத் தவிர வேறு சொல் அவன் வாயிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமைதோறும் அவன் முதியவரின் கொட்டகைக்குப் போய்விடுவான். மகனைக் காண வேறு வழி தெரியாமல் நானும் போகத் தொடங்கினேன்.

அந்தக் காரின் கதவு ஒன்றின் அடிப்பகுதி துருவேறி அரித்துப்போயிருந்தது. துருவின்மேல் பட்டி பூசி வண்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாதே என்று கேட்டேன். முதியவர் தலையசைத்தார். பட்டிக்கு அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சில மழைக்காலங்களில் வண்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும் என்றார். கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, அதே வடிவில் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். நெருப்பின்றி இரும்போடு இரும்பு சேராது.

சில வாரங்கள் பழைய துண்டுத் தகடுகளில் பழகியபின், அந்தக் கதவைப் பற்றவைக்க நானே முன்வந்தேன். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை கையை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்தேன். கோடு நேராக அமைந்ததில் எனக்குள் சற்றுப் பெருமையும் எழுந்தது. ஆனால் தகடு ஆற ஆற, என் கண்முன்னே அந்தக் கதவு எண்ணெயில் போட்ட அப்பளம்போல் நெளிந்தது.

முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் மகன்தான் அருகே வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், கதவைப் பார்த்தபடியே சொன்னான்: “ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, அப்பா. இங்கே ஒரு பொட்டு வைத்தால் அடுத்ததை அந்தக் கோடியில் வைக்க வேண்டும். ஆறவிட்டுத்தான் திரும்பி வர வேண்டும்.”

அதன் காரணத்தை முதியவர் விளக்கினார். சூடேறிய இரும்பு விரியப் பார்க்கிறது. சுற்றிலுமுள்ள குளிர்ந்த இரும்பு அதை விரியவிடாமல் நெருக்குகிறது. ஆறும்போது அந்த இடம் முன்னிருந்ததைவிடச் சுருங்கி, அக்கம்பக்கத்தையெல்லாம் தன்னை நோக்கி இழுக்கிறது. தகடோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான். ஆகையால் சூட்டைப் பகிர்ந்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டும் ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அன்பானவர்களே, அன்றைக்கு அந்தக் கொட்டகையில் எனக்கு எந்த இரவு நினைவுக்கு வந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குற்றத்தைக் கண்டும் பேசாமல் இருப்பது துருவின்மேல் பூசும் பட்டி. அதை நான் செய்யவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஆனால் பேச வேண்டியதையெல்லாம் ஒரே இரவில், ஒரே இடத்தில், கையை எடுக்காமல் பேசினேன். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் தகப்பன்மாரை எச்சரித்த இடத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். பிள்ளைகள் மனந்தளர்ந்துபோவார்களே என்ற அவருடைய கரிசனை அன்றுதான் எனக்குள் இறங்கியது.

நெளிந்த கதவை எறிந்துவிட நேரவில்லை. சுருங்கிய இரும்பைத் திரும்ப விரிக்க வழியுண்டு. பற்றவைத்த கோட்டைத் தேய்த்துச் சமமாக்கியபின், தகட்டின் உட்புறத்தில் டாலி என்னும் இரும்புக்கட்டியை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, வெளிப்புறத்தில் மற்றவர் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். நம் ஊர்களில் டிங்கரிங் என்று சொல்லுகிற வேலைதான். என் மகன் டாலியைப் பிடித்தான், நான் தட்டினேன். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, நடுவில் கதவு. ஓங்கி அடித்தால் பள்ளம் விழும். நான்கு சனிக்கிழமைகள் ஆயின.

இரண்டாம் வாரத்தில், “அன்று நான் அதிகம் பேசிவிட்டேன், என்னை மன்னித்துவிடு” என்றேன். கதவுக்கு அப்பாலிருந்து பதில் வரவில்லை. ஆனால் டாலி அகலவில்லை. மூன்றாம் வாரத்தில், “அந்தப் படிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அப்பா. சொல்லப் பயந்தேன்” என்றான். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் தட்டிக்கொண்டிருந்தேன். என் ஊழியத்தில் நான் செய்த கடினமான காரியங்களில் அதுவும் ஒன்று. அதற்குரிய பதிலை அடுத்த வாரம் சொன்னேன்.

பின்னர் அவன் வேறு பாடப்பிரிவுக்கு மாறிப் படித்து முடித்தான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தக் காரும் ஓடத் தொடங்கியது. மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கதவில் ஒரு மெல்லிய அலை இன்னும் தெரியும். முதியவர் அதைப் பட்டியிட்டு மறைக்கவில்லை.

நம்முடைய மொழியில் சூடு தணிவதற்கும் ஆறுதல் என்றே பெயர். மனம் தேற்றப்படுவதற்கும் அதுவே பெயர். கர்த்தர் நம்மைத் திருத்தின விதத்தை எண்ணிப்பாருங்கள். நம் குற்றங்கள் எல்லாவற்றையும் அவர் ஒரே நாளில் நமக்குக் காட்டியிருந்தால், நம்மில் யார் நிலைநின்றிருப்போம்? இந்த வாரம் உங்கள் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியே ஆகவேண்டிய சொல் ஒன்று இருக்கலாம். அதைச் சொல்லுங்கள். சொன்னபின் கையை எடுங்கள், ஆறவிடுங்கள்.