எந்தக் கடை நல்ல கடை?

மாசிக் கொடை வந்துவிட்டால் மண்டைக்காட்டில் கால் வைக்க இடமிராது. குமரி மாவட்டத்தின் மூலை முடுக்குகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெண்கள் கூட்டங்கூட்டமாக வருவர். தலைவலி தீரவேண்டும் என்று பகவதிக்கு மண்டையப்பம் படைப்பர். அப்பத்தால் தலைவலி தீருமா என்ற ஆராய்ச்சியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். வந்தவர்களுக்குப் பசி எடுக்கும்; அதை மறுக்க எந்தப் பகுத்தறிவாளனாலும் முடியாது! பசித்தவர் வழியில் நிற்கும் என் போன்றவரைப் பார்த்துக் கேட்பர்: "தம்பி, இங்கே நல்ல சாப்பாட்டுக் கடை எது?"

எளிய கேள்வி என்றுதான் நானும் எண்ணினேன். ஆசிரியன் அல்லவா? கேள்வி ஒன்று கிடைத்தால் மதிப்பெண் போடாமல் இருக்க மனம் வருமா? என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர், கடற்கரை ஊர்க்காரர். அவரும் நானும் சனிக்கிழமைதோறும் ஒரு கடையில் உண்பது என்று முடிவு செய்தோம். சுவை, தூய்மை, விலை, உபசரிப்பு - பாடங்கள் நான்கு. பாடத்துக்குப் பத்து மதிப்பெண். பெரிய பெயர்ப்பலகை தாங்கிய கடைகளை விட்டுவிட்டோம். நாலு மேசையும், முதலாளியே நின்று கிளறும் அடுப்பும் கொண்ட சிறு கடைகள்தாம் எங்கள் தேர்வுக்கு வந்த மாணவர்கள்.

முதற் கடை கோயில் பக்கம் உள்ள சைவக் கடை. அதன் பெருமை ரசவடை. மொறுமொறுப்பான பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறவிட்டுக் கிண்ணத்தில் தருவர். மிளகும் சீரகமும் மூக்கைத் தொடும். வடை நாவில் கரையும். மேசை துடைத்த மேசை. இலை கழுவிய இலை. ஆனால் திருவிழா வந்தால் விலை ஏறும், பாதி உண்ணும்போதே அடுத்தவர் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கடைக்காரர் கண்டுகொள்ளமாட்டார். நாற்பதுக்கு இருபத்தெட்டு.

இரண்டாவது, குளச்சல் சாலையில் உள்ள புட்டுக் கடை. குழாயிலிருந்து தள்ளிய புட்டு ஆவி பறக்க வந்து விழும். அதன்மேல் வேகவைத்த பயறு, அதன்மேல் பப்படம். கையால் நொறுக்கிப் பிசைந்து உண்ண வேண்டும். விலை மலிவு. அரசியல் பேச்சு இலவசம். ஒரே வாளித் தண்ணீரில் எல்லாக் குவளைகளும் குளித்து எழும். அதனால் தூய்மையில் ஐந்துதான். மொத்தம் இருபத்தொன்பது.

மூன்றாவது கடை கடலை நோக்கி இறங்கும் வழியில் இருக்கிறது. ஓலைச் சாய்ப்பு, இரண்டே பலகைகள். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். தேங்காயும் மிளகாயும் மை போல அரைத்து, புளி விட்டு, மண்சட்டியில் வற்றவைத்த குழம்பு. காலையில் கரையேறிய மீன். நண்பகலில் நம் இலையில்! வெந்த கிழங்கை அந்தக் குழம்பில் தொட்டு வாயில் இட்டால் பேச்சு நின்றுவிடும். கேட்காமலே இரண்டாம் முறை குழம்பு ஊற்றுவார் கடைக்கார அம்மையார். சுவைக்குப் பத்துக்குப் பத்து. மொத்தம் முப்பத்தைந்து.

முடிவு தெளிவாகிவிட்டது. முதலிடம் கடற்கரைக் கடைக்கு!

ஆனால் கொடை நாளன்று வழியில் நின்று கேட்டவருக்கு அந்தக் கடையைக் காட்டினேனா? இல்லை. கோயிலுக்கு வந்தவர் சைவம் உண்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கும் ஒரு வேட்டு வந்தது. வண்டி ஓட்டி வந்த ஒருவர், "நல்ல மீன் கறி எங்கே கிடைக்கும்?" என்று வெளிப்படையாகவே கேட்டார். என் கை குளச்சல் சாலையைக் காட்டியது! அருகில் நின்ற நண்பர் கோபிக்கவில்லை. "சார், ஐந்தாவதாக ஒரு பாடம் வைத்தால், உங்களுக்கு நீங்கள் என்ன மதிப்பெண் போடுவீர்கள்?" என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. அவர் அறியாத ஒன்றையும் நான் அறிவேன். சனிக்கிழமைதோறும் கடற்கரைக் கடையில் உண்டுவிட்டு, மீன் வாடை போகக் கைகழுவி, "கோயில் கடையில் சாப்பிட்டேன்" என்று வீட்டில் பொய் சொல்லி வந்தவன் நான். மேடையில் சமத்துவம், திண்ணையில் பொய்!

ஏன் இந்த அச்சம்? 1982 மார்ச்சில், கொடை நாட்களில், இந்த ஊரில் மதக் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் வந்து இரு தரப்பாரிடமும் அமைதி பேசினார். அமைதி வந்தது, ஆனால் அடுப்புகள் தனித்தனியாகவே எரிந்தன. கலவரத்துக்குப் பல்லாண்டு கழித்துப் பிறந்தவன் நான். எனக்கும் அந்த விலகல், பாகப்பிரிவினை செய்யாத சொத்தாக வந்து சேர்ந்துவிட்டது.

உண்ணும் இடம் சிறு விஷயம் என்பாரும் உளர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1917இல் சேறாயியில் சகோதரன் அய்யப்பன் சாதி பாராமல் கூடி உண்ணும் விருந்து நடத்தியதற்காகச் சொந்தச் சமூகத்தின் சினத்துக்கு ஆளானார். வ.வே.சு. அய்யரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவருக்குத் தனிப்பந்தி என்ற செய்தி, 1925 வாக்கில் தமிழ்நாட்டையே குலுக்கியது. 1957இல் சென்னை முரளி கபேயின் 'பிராமணாள்' என்னும் பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் தொண்டர்களை அனுப்பினார். 1960 பிப்ரவரி 1 அன்று, அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், ஊல்வொர்த் கடையின் வெள்ளையர் உணவுப் பலகையில் நான்கு கருப்பின மாணவர்கள் அமர்ந்து காப்பி கேட்டனர். தர மறுத்தனர்; அவர்கள் எழ மறுத்தனர். அந்த ஆண்டு ஜூலையில் அப்பலகை எல்லோருக்கும் பொதுவாயிற்று.

நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, மதம், சாதி முதலியவற்றைக் காட்டிப் பொது உணவகத்தில் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவைக் கண்டும் வேறு தெருவைக் காட்டிய என்னை எந்தச் சட்டம் திருத்தும்?

அந்த இலையில் இருந்ததையாவது எண்ணிப் பார்த்தேனா? மரச்சீனி தென்னமெரிக்கக் கிழங்கு. பஞ்சம் போக்கத் திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மன்னர். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததே. கடல் கடந்து வந்த கிழங்குக்கு விலக்கில்லை, காய்க்கு விலக்கில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு தாயின் கைக்கு மட்டும் விலக்கா? இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை எந்தக் கோயிலில் இருக்கிறது?

அடுத்த சனிக்கிழமை கையை நன்றாகக் கழுவாமலே வீட்டுக்குப் போனேன். பாட்டி கேட்டார்: "எங்கயாக்கும் சாப்பிட்ட, மக்களே?"

"கடற்கரைக் கடையில, பாட்டி. கிழங்கும் சாளைக் கறியும். இன்னைக்கு மட்டும் இல்ல, எல்லாச் சனிக்கிழமையும் அங்கதான்."

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, தமக்குள் சொல்வதுபோலச் சொன்னார்: "அங்கிருந்து ஒருத்தி மீன் கொண்டு வருவா. கலகத்துக்குப் பொறவு கொஞ்ச நாள் வரல்ல. பொறவு வந்தா. மீன் வாங்குனேன். தண்ணி கேட்டா குடுப்பேன். அவளுக்குன்னு ஒரு செம்பு திண்ணையில தனியா வச்சிருந்தேன், மக்களே."

இரட்டைக் குவளைக் கொடுமையைக் கண்டித்து நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்த இரண்டாவது குவளை என் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருக்கிறது! பாட்டியைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டதை நான் ஒப்புக்கொள்ள இத்தனை சனிக்கிழமைகள் ஆயின.

மறுவாரம் இலையில் கட்டி வாங்கி வந்தேன். பாட்டி பொட்டலத்தைப் பிரித்தார், முகர்ந்தார், ஒரு துண்டுக் கிழங்கைக் குழம்பில் தொட்டு உண்டார். நான் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் மாணவனைப்போல நின்றேன்.

"உப்பு கொஞ்சம் கூடுதலாக்கும்," என்றார். "மத்தபடி கொள்ளாம்."

உப்பைப் பற்றிப் பேசினார்; சமைத்த கையைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை இருக்கும். சுவைக்காக அன்றி வேறெதற்காகவோ உங்கள் வீட்டார் ஒதுக்கிய கடை. இந்த வாரமே அங்கே சென்று அமருங்கள். உண்டதை வீட்டில் சொல்லுங்கள். உண்பது எளிது, சொல்வதுதான் கடினம் என்பதை அனுபவித்தவன் சொல்கிறேன். வரும் மாசிக் கொடையில் யாராவது என்னிடம் நல்ல மீன் கறி எங்கே என்று கேட்பார். இம்முறை என் கை கடற்கரையைக் காட்டும்.