கப்பல் மாறினால் கரையும் மாறும்

கரீபியன் கடலைச் சுற்றும் உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்துதான் புறப்படுகின்றன. மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், கனாவெரல் முனை ஆகிய மூன்று துறைமுகங்களும் இந்தத் தொழிலின் தலைவாசல்கள். மூன்று இரவு முதல் ஏழு இரவு வரையிலான பயணங்களே அதிகம் விற்கின்றன. கேபின் கட்டணத்தில் மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம். மது, இணையம், கரையில் இறங்கிச் சுற்றும் செலவு எல்லாம் தனி. ஊழியர்களுக்கான டிப்ஸ்கூடத் தலைக்கு இவ்வளவு என்று தினமும் தானாகவே கணக்கில் ஏறிவிடும்.

கப்பல்களின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர்கள் பல என்றாலும் முதலாளிகள் சிலரே. கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கோஸ்டா, குனார்டு எல்லாம் ஒரே கார்னிவல் குழுமம். ராயல் கரீபியன், செலிபிரிட்டி, சில்வர்ஸீ இன்னொரு குழுமம். நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜன்ட் மூன்றாவது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்எஸ்சி ஒரு குடும்பத்தின் சொத்து. சரக்குக் கப்பலில் சம்பாதித்து உல்லாசக் கப்பலில் இறங்கிய நிறுவனம்.

ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பயணச்சீட்டளவில் மிக எளிது. தடுப்பது விசுவாச அட்டை. ராயல் கரீபியனில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, பெரிய அறை எடுத்தால் இரண்டு. 30 புள்ளியில் பிளாட்டினம், 55இல் எமரால்டு, 80இல் டைமண்டு, 175இல் டைமண்டு பிளஸ், 700இல் பினாக்கிள். டைமண்டு நிலையை எட்டியவருக்கு ஒரு நாளைக்கு நான்கு பானங்கள் இலவசம். கடலில் எண்பது இரவு தூங்கி எழுந்த சேலத்துச் சைவக் குடும்பத்துக்கு இந்தச் சலுகை எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அட்டையை விட மனம் வராது. வேறு கம்பெனிக்குப் போனால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற பயம்தான் இந்த ஏற்பாட்டின் மொத்த வலிமை.

அந்தப் பயத்தில் பாதி வீண். ராயல் கரீபியன் குழுமத்துக்குள் ஒரு கப்பல் வரிசையில் சேர்த்த நிலைக்கு ஈடான மரியாதை மற்றொன்றிலும் கிடைக்கிறது. எம்எஸ்சி ஒரு படி மேலே போய், போட்டிக் கம்பெனிகளின் அட்டையைக் காட்டினால் தன்னிடத்தில் அதற்கு இணையான நிலையைத் தருகிறது. கார்னிவல் குழுமம்தான் கஞ்சம்; ஒரே முதலாளியின் கப்பல்களுக்குள் மாறினாலும் பழைய நிலை கூட வருவதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மாற்றம் உடனே தெரியும். அமெரிக்கக் கம்பெனிகளின் சமையற்கட்டில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். முதல் நாளே சொல்லி வைத்தால் பருப்பும் சப்பாத்தியும் மேசைக்கு வந்துவிடும். எம்எஸ்சியில் பீட்ஸாவும் பாஸ்தாவும் பிரமாதம். ரசத்தை மறந்துவிட வேண்டும். அறிவிப்புகள் பல மொழிகளில் வரும், அதில் தமிழ் கிடையாது.

ஆனால் கப்பல் மாறுவதன் உண்மையான விளைவு சாப்பாட்டிலோ அட்டையிலோ இல்லை. எந்தக் கரையில் இறங்குகிறோம் என்பதில் இருக்கிறது. இதற்குக் காரணமான சட்டத்தில் இந்த வாரம் ஓர் ஏற்காட்டுக் குடும்பம் மாட்டிக்கொண்டது. மயாமியில் ஏறி மெக்சிகோவின் கோசுமெல் போய்த் திரும்பும் கப்பல், வழியில் கீ வெஸ்ட் என்ற புளோரிடாத் தீவிலும் நிற்கும். அங்கே உறவினர் வீடு. கடைசி இரவை விட்டுவிட்டு அங்கேயே இறங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நடத்துனரிடம் ஒரு வார்த்தை சொல்லி அடிவாரத்தில் இறங்கிப் பழகிய குடும்பம். முடியாது என்று பதில் வந்தது. மீறினால் அபராதம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

தடுத்தது 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சேவைச் சட்டம். அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. அமெரிக்காவில் கட்டி, அமெரிக்கர் உரிமையில், அமெரிக்கக் கொடியுடன் ஓடும் கப்பலுக்கு மட்டுமே அந்த உரிமை. உல்லாசக் கப்பல்கள் வரிக்கும் கூலிக்கும் பயந்து பஹாமாஸ், பனாமா, லைபீரியா என்று கொடி மாட்டிக்கொள்வதால், அநேகமாக எல்லாமே இந்தத் தடைக்குள் வந்துவிடுகின்றன. ஏறிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் வழியில் ஏதாவது ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். ஓரிடத்தில் ஏறி வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்க வேண்டுமானால், ‘தொலைதூர’ அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். மெக்சிகோ, பஹாமாஸ், ஜமைக்கா எல்லாம் சட்டத்தின் கணக்கில் பக்கத்து ஊர்கள். தென் அமெரிக்கக் கரையை ஒட்டிய அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் தொலைதூரம். கரீபியனிலேயே இருந்தாலும் அமெரிக்க ஆட்சிப் பகுதியான போர்ட்டோ ரிக்கோவுக்குத் தனி விலக்கு. கோசுமெல் தொலைதூரமாக இல்லாமல் போனதால்தான் அந்தக் குடும்பம் மயாமி வரை போய், அங்கிருந்து காரில் கீ வெஸ்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

இத்தனை காவலும் எதைக் காப்பதற்கு என்று பார்த்தால், அமெரிக்கக் கொடியுடன் ஓடும் பெரிய உல்லாசக் கடற்கப்பல் ஒன்றே ஒன்றுதான். ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ என்ற அது 2005 முதல் ஹவாய்த் தீவுகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோவிட் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது அலாஸ்காவுக்குப் போகும் கப்பல்களுக்குத் தொட்டுச் செல்ல அயல்நாடு இல்லாமல் போனது. 2021இல் அமெரிக்க காங்கிரஸ் தற்காலிகமாகத் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தக் கப்பல்கள் நகர்ந்தன. கரையோரப் போக்குவரத்துக்கு இந்தியாவிலும் இதே போன்ற கட்டுப்பாடு உண்டு. ஆனால் அயல்நாட்டு உல்லாசக் கப்பல்களுக்கு அது எப்போதோ தளர்த்தப்பட்டுவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் டெல்லி, வாஷிங்டனைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்திருக்கிறது.

இந்தச் சட்டம் பயணப் பாதையையும் வளைத்துவிட்டது. குறுகிய பயணங்களுக்கு மிக அருகிலுள்ள அயல்நாடு பஹாமாஸ். அங்கே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தீவையோ கடற்கரையையோ வாங்கி அல்லது குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கிறது. நார்வீஜியனுக்கு கிரேட் ஸ்டிரப் கே, ராயல் கரீபியனுக்கு கோகோ கே, எம்எஸ்சிக்கு ஓஷன் கே, டிஸ்னிக்கு காஸ்ட்அவே கே. கப்பலின் சமையற்காரரே அங்கும் சமைக்கிறார், கப்பலின் அட்டையே அங்கும் செல்லுபடியாகிறது. சட்டப்படி அது அயல்நாடு. கையில் இருக்கும் தட்டு முதல் மேலே இருக்கும் குடை வரை எல்லாம் கப்பல் கம்பெனியுடையது. நீந்துவதற்கு நல்ல இடம்தான், பார்ப்பதற்கு ஊர் என்று ஒன்று கிடையாது.

கோசுமெல்லில் இறங்குபவர்கள் தீவுக்குள்ளேயே இருக்கும் சான் ஹெர்வாசியோ என்ற மாயன் இடிபாடுகளைப் பார்க்கலாம். துலூம் பெயர் பெற்றது, ஆனால் அதற்குப் படகில் அக்கரை போய் அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். கிராண்ட் கேமனில் கப்பல் அணையும் மேடையே இல்லை. கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். அலை பெரிதாக இருந்தால் அந்த ஊரே ரத்து.

ஜமைக்கா, ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்காரர்களுக்குத் தனியாகப் பேச வேண்டிய இடம். 1720களில் கேப்ரியல் தெ க்ளியூ என்ற பிரெஞ்சு அதிகாரி காபி நாற்றை மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து 1728இல் முன்னாள் ஆளுநர் நிக்கலஸ் லாஸ் மூலம் அது ஜமைக்காவுக்கு வந்தது. ஏற்காட்டுக்குக் காபி வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கிரேஞ்ச் தோட்டத்தில் பயிரிட்டபோது. இன்று ஜமைக்காவின் ப்ளூ மவுண்டன் காபி மரப் பீப்பாயில் அடைக்கப்பட்டு, பெரும்பகுதி ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது. உலகின் மிக விலையுயர்ந்த காபிகளில் அதுவும் ஒன்று. இந்தியக் காபி வாரியம் பட்டியலிட்ட 13 காபி வட்டாரங்களில் சேர்வராயனுக்கும் இடம் உண்டு. சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் விளையும் அந்த அராபிகா, சேலம் கடைத்தெருவில் சிக்கரியோடு கலந்து பெயரில்லாமல் விற்பனையாகிறது. சுவையில் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தோன்றவில்லை. விற்கத் தெரிந்ததில்தான் இருக்கிறது.

அதற்காகக் கப்பலில் வந்தவர் ப்ளூ மவுண்டன் தோட்டத்துக்குக் கிளம்பக் கூடாது. கப்பல்கள் நிற்கும் ஃபால்மத், ஓச்சோ ரியோஸ், மான்டிகோ பே மூன்றும் வடகரையில் இருக்கின்றன. காபி மலை தீவின் கிழக்கில். ஃபால்மத்திலிருந்து போய்வரவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். கப்பல் நிற்பது எட்டு மணி நேரம். ஓச்சோ ரியோஸ் அருகே உள்ள டன்ஸ் ரிவர் அருவியில், கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆட்களைக் கைகோத்து வரிசையாக மேலே ஏற்றுகிறார்கள். ஏற்காட்டில் ஏரி நிரம்பினால் கிளியூர் அருவியில் எவ்வளவு தண்ணீர் விழும் என்று அறிந்தவர்களுக்கு அது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஐரோப்பியக் கம்பெனிக்கு மாறுபவருக்கு வேறொரு கரீபியன் திறக்கிறது. எம்எஸ்சியும் கோஸ்டாவும் குளிர்காலத்தில் பிரெஞ்சுப் பயணிகளுக்காக குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளிலிருந்தே கப்பல் விடுகின்றன. அமெரிக்கத் துறைமுகத்தை நம்பாத பாதை என்பதால் 1886ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. தமிழர்கள் போய் இறங்க வேண்டிய கரை இதுதான்.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்ட்டினிக்குக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு சுமார் 42,000 பேரும் மார்ட்டினிக்குக்கு சுமார் 25,000 பேரும் வந்தார்கள். ஏராளமானோர் நோயிலும் பசியிலும் மாண்டார்கள். மிஞ்சியவர்களின் வாரிசுகள் தமிழ் பேசுவதில்லை. பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். ஆனால் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் இன்றும் கிடா வெட்டிப் பூசை போடுகிறார்கள். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகையைப் பார்த்தவருக்கு அங்கே விளக்கம் தேவைப்படாது.

குவாதலூப்பில் கப்பல் நிற்கும் பொயின்ட்-ஆ-பித்ரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கபெஸ்தேர் பகுதிக்குப் போகலாம். சாங்கி என்ற இடத்தில் சாலையோரமாகவே வண்ணச் சுதைச் சிற்பங்களோடு கோயில் நிற்கிறது. இந்த கபெஸ்தேரில்தான் ஆன்றி சிதம்பரம் 1863இல் பிறந்தார். இந்திய வம்சாவளியினரும் பிரெஞ்சுக் குடிமக்களே, அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 1904இல் தொடங்கிய வழக்கை விடாமல் நடத்தி, 1923இல் வென்றவர் அவர். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் அவருக்கு ஒரு பத்தியாவது தரலாம். அதே பகுதியின் மேட்டில் கார்பே அருவிகள் நூறு மீட்டருக்கும் மேலிருந்து விழுகின்றன. அருகிலுள்ள சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். சிற்றன்டிலீஸ் தீவுக்கூட்டம் முழுவதற்கும் உயரமான சிகரம் என்று வழிகாட்டிகள் பெருமையோடு காட்டுவார்கள். ஏற்காடு ஊரே 1,515 மீட்டரில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் அதற்கும் மேலே.

மார்ட்டினிக்கில் இறங்கினால் ஃபோர்-தெ-பிரான்ஸ் கடைகளைவிட வடக்கே சேன்-பியேர் நகரம் மேல். 1902 மே 8இல் பெலே எரிமலை வெடித்து, ஏறத்தாழ முப்பதாயிரம் பேரோடு அந்த ஊர் சில நிமிடங்களில் அழிந்தது. எரிந்த நாடக அரங்கின் படிகள் இன்னும் இருக்கின்றன. டிரினிடாடுக்குக் கப்பல்கள் குறைவாகவே போகின்றன. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நிற்கும் கப்பல் கிடைத்தால், வாட்டர்லூவில் சிவதாஸ் சாது என்ற கூலித் தொழிலாளி தனி ஆளாகக் கல்லும் மண்ணும் கொட்டிக் கடலுக்குள் எழுப்பிய கோயிலுக்குப் போகலாம்.

எந்தத் தீவானாலும் ஒரு நாளில் ஒரு வேலைதான் நடக்கும். காலையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏரியில் படகு, லேடி சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று எல்லாவற்றையும் தொட்டு இருட்டுவதற்குள் இறங்கும் சுற்றுலா வேன் போலத்தான் பெரும்பாலான கரைச் சுற்றுலாக்களும் ஓடுகின்றன. கப்பல் கம்பெனியே நடத்தும் சுற்றுலாவுக்கு விலை அதிகம். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாக டாக்சி பேசிப் போனவருக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் விமானம் பிடிக்க வேண்டும். கடற்கரைக்குச் சொந்தமாகப் போகலாம், மலைக்கும் கோயிலுக்கும் போவதானால் திரும்பும் நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் சில இடங்களில் ஒரு மணி நேரம் வேறுபடும். புறப்பாடு கப்பல் நேரப்படிதான்.

மயாமி வரை வர இயலாதவர்களிடம் கரீபியன் கப்பல் ஒன்று தானாகவே வந்து சேர்ந்தது. 1990இல் பிரான்ஸின் சேன்-நசேரில் கட்டப்பட்டு, மயாமியிலிருந்து பஹாமாஸுக்குக் குறும்பயணம் போன ‘நார்டிக் எம்ப்ரஸ்’, பிறகு ‘எம்ப்ரஸ் ஆஃப் தி ஸீஸ்’ ஆகி, ஸ்பானிய நிறுவனம் ஒன்றுக்குப் போய், மீண்டும் ராயல் கரீபியனுக்குத் திரும்பி, 2021இல் கோர்டேலியா நிறுவனத்தின் கப்பலாக மும்பையில் ஓடத் தொடங்கியது. பயணிகளைவிட அதிகமாகக் கம்பெனி மாறிய கப்பல். 2022 ஜூனில் சென்னையிலிருந்து அதன் பயணத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்ற எதிர்ப்பால் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியது. முதல் இரண்டு துறைமுகங்களிலும் தமிழ்ப் பயணிக்குத் தேர்வு கடினமில்லை. அம்பாந்தோட்டையில் கதிர்காமம், திருகோணமலையில் கோணேசுவரம். காங்கேசன்துறையில் மட்டும் நல்லூரா, கீரிமலையா என்று யோசிக்க வேண்டும். நேரம் குறைவென்றால் கீரிமலை, ஏனென்றால் கேணியில் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலையும் பார்த்துவிடலாம்.