பத்துப் பேருக்கு ஒரே யூசர்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அதன்பிறகு எங்கள் திசையன்விளை டைப்பிங் கடைகளிலும் ஒரே பரபரப்பு. புது சிஸ்டமாக இருந்தால் கவலையில்லை. விண்டோஸ் 11-க்கு மேம்படுத்தினாலும் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். டி.பி.எம். 2.0 இல்லாத பழைய சிஸ்டத்தை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. வேறு சிஸ்டம் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும். சிக்கலே அங்கேதான்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் ஆளுக்கு ஒரு யூசர் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். நிரல் எல்லாருக்கும் பொது. புக்மார்க், செட்டிங்ஸ் எல்லாம் அவரவர் ஃபோல்டரில். எக்ஸ்பியில் அது 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்'. 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து 'யூசர்ஸ்'. ஃபயர்பாக்ஸைப் புதுப்பித்தால் நிரல் ஒரே தடவையில் மாறிவிடும். ஒருவருடைய பழைய விவரங்கள் அவர் அதைத் திறக்கும்போதுதான் புது வடிவத்துக்கு மாறும்.

நம்ம ஊர்க் கடையில் பத்துப் பேருக்கும் ஒரே யூசர்தானே! பட்டா மனு, வாடகை ஒப்பந்தம், கோயில் கொடை நோட்டீஸ், பயோடேட்டா... எல்லாம் டெஸ்க்டாப்பில் கிடக்கும். டெஸ்க்டாப் இருப்பதோ ஸி டிரைவில். ஃபார்மட் அடித்தால் அத்தனையும் காலி.

நான் லீவில் போய் உட்காரும் கடையில், சிஸ்டம் மாற்ற வந்தவர் 'நியூ ஃபோல்டர் 3' என்பதைக் குப்பை என்று ஒதுக்கினார். கடை அண்ணாச்சி விடவில்லை. "பொறுங்க தம்பி, யாருதுன்னு கேட்டுக்கிடுவோம்" என்றார். கேட்டதில், மகளிர் சுய உதவிக் குழு அக்கா ஒருவரின் நாலு வருடக் கடன் கணக்கு அது! வேறு பிரதியே கிடையாது.

காப்பி எடுத்தால் மட்டும் போதுமா? பழைய மனுக்கள் வானவில் எழுத்துருவில் இருக்கும். புது சிஸ்டத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய கோப்புகள் தானாக மாறுமா என்ன? என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு நாம்தான் மாற்ற வேண்டும்.

அண்ணாச்சி இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஃபோல்டர் பெயர், ஆள் பெயர், போன் நம்பர். எந்த மைக்ரேஷன் டூலுக்கும் தெரியாத விவரம் அதில்தான் இருக்கிறது. பொதுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் அப்படி ஒரு நோட்டு போடுங்கள். பென்டிரைவ் அப்புறம்!