எஞ்சி நிற்பவை

ஓசூர் என்றதும் இன்று ஆலைகளும் பெங்களூர் நெடுஞ்சாலையின் லாரி வரிசையுமே பலருக்கு நினைவில் எழும். ஆயினும், இவ்வட்டாரம் நேற்று முளைத்த தொழிற்பேட்டை அன்று. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும், 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின் ஓசூர்ப் பகுதியும் கும்பினியார் கைக்கு மாறின. அதன்பின் வந்த நூறாண்டில் எது நிலைத்தது, எது மறைந்தது என அறியும் விழைவுடன், மாணவர் சிலரோடு அண்மையில் நாம் மூன்று இடங்களைக் கண்டு வந்தோம்.

முதலாவது, ஓசூர்க் கோட்டைப் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் மாவட்டக் கலெக்டராயிருந்த பிரெட் என்னும் ஆங்கிலேயர், தம் நாட்டுக் கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் இங்கே ஒரு மாளிகை எழுப்பினார். அதிகாரமும் பொருளும் ஒருங்கே கூடிக் கட்டிய அம்மாளிகை இடிந்து அழிந்துபோயிற்று.

அடுத்து, ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக 1948இல் பதவியேற்ற இராஜாஜி, 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த இல்லம் அங்குள்ளது. கிராம முன்சீப் ஒருவர் வாழ்ந்த எளிய ஓட்டு வீடு. அரசு அதனை நினைவில்லமாகப் பேணி வருகிறது. கலெக்டரின் மாளிகை வீழ, முன்சீப்பின் வீடு நிற்கிறது! கட்டியவரின் செல்வத்தைவிடக் காப்பவரின் கருத்தே ஒரு கட்டடத்தின் ஆயுளை நிர்ணயிக்கிறது போலும்.

மூன்றாவது, 1993இல் தொடங்கப்பெற்ற கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம். கும்பினி ஆட்சிக்குப் பன்னூறாண்டு முற்பட்ட நடுகற்களை அங்கே கண்டோம். போரில் மாண்ட வீரருக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. முடி புனையாத மறவனும் கல்லால் இன்றளவும் நினைக்கப்படுகிறான்.

அரபு மொழியில் ‘தாரீக்’ என்னும் ஒரே சொல் தேதியையும் வரலாற்றையும் குறிக்கும். தேதி குறியாத பொருள் வாய் பேசாது என்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது. ‘அஸர்’ என்பது காலடித்தடம். அதன் பன்மையாகிய ‘ஆஸார்’ என்பதே தொல்பொருள்களுக்கும் பெயர். தடம் காற்றில் அழிவது இயல்பு. காக்க வேண்டுமெனில் ஒருவர் முனைந்தாக வேண்டும்.

இவ்விடத்தே வாசகர்களை ஒன்று கேட்க விழைகின்றோம். நம் பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் எங்கே? வக்ஃபுப் பத்திரங்கள் யார் பெட்டியில் உள்ளன? ஒரு பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது, வாயில் மேலிருந்த பழைய எழுத்துகள் சிமெண்டுப் பூச்சில் மறைந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். படியெடுத்து வைத்தவர் எவருமிலர். கபுருஸ்தானில் 1298 என்று பொறித்த மீசான் கல்லைக் கண்டு, எழுநூறாண்டுப் பழமை என மயங்குவோரும் உண்டு. அது ஹிஜ்ரி ஆண்டு. கிறிஸ்தவக் கணக்கில் 1880-81 ஆகும். அதனைப் படித்துச் சொல்ல வல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

அரசு அருங்காட்சியகம் ஒவ்வொரு வீட்டுப் பரணையும் தேடி வாராது. ஆகவே, ஒவ்வொரு மஹல்லாவிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் ஒரு குறிப்பேட்டுடன் புறப்படட்டும். கல்லில் உள்ளதைப் படியெடுக்கட்டும். கிதாபின் முதற்பக்கத்திலுள்ள பெயரையும் ஆண்டையும் குறிக்கட்டும். முதியோர் இருக்கும்போதே பொருள் கேட்டு எழுதட்டும். சுண்ணாம்பு அடிக்கும் முன் இதனைச் செய்தல் நலம். முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்ற அமானிதம் இது.