கடல் கடக்கும் கணக்கு

விடுமுறை நெருங்கும்போதெல்லாம், நெடுந்தீவுக்குச் சென்றுவர எவ்வளவு பணம் வேண்டும் என்று நம்மை வினவுவோர் பலர். படகுக் கட்டணத்தைக் கூறியதும், "இவ்வளவுதானா!" என்று வியந்து புறப்படத் துணிந்துவிடுவர். அக்கட்டணமோ மொத்தச் செலவிற் சிறு பகுதி.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பஸ்ஸிற் செல்வோர்க்குச் செலவு சொற்பம். வாடகை வண்டியிற் செல்வோரோ, அது துறையிலே நாள் முழுதும் காத்து நிற்பதற்கும் பணம் கொடுத்தல் வேண்டும். அங்கிருந்து கடலில் ஒரு மணி நேரம்.

இறங்கியபின்னரே பை இளகத் தொடங்கும். தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். இடிந்த கோட்டை, பெருக்கு மரம், புல்வெளியில் மேயும் குதிரைகள் யாவும் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. பவளக்கல் வேலிகளின் ஓரமாக நடந்தே பார்த்துவிடலாம் என்று எண்ணுவோரை உச்சி வெயில் திருத்திவிடும். ஆதலின் வண்டி அமர்த்தல் வேண்டும். வாடகை வண்டிக்கேயன்றித் தலைக்கு அன்று. படகிலே அறிமுகமான இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டாற் செலவு பாதியாகும். கூச்சத்தால் இதனைக் கேளாதுவிடுவோர் பலர். வாடகையை ஏறுமுன்னரே பேசிக்கொள்க.

கடைசிப் படகு தவறினாலோ, சோளகக் காற்று மிகுந்து கடல் கொந்தளித்தாலோ இரவை அங்கேயே கழிக்க நேரும். ஓர் இரவுக்குரிய பணத்தை வேறாக முடிந்து வைத்தல் அவசியம். மாதச் சம்பளத்தில் வாழும் நம்போன்றோர்க்கு இது பெருஞ்சுமையே. எனினும் குழந்தைகளுடன் செல்வோர் இதனைக் குறைத்தல் ஆகாது.

இன்னொன்று. அப்படகு நமக்காக ஓடுவதன்று. நோயாளரும் மாணவரும் பணிக்குச் செல்வோரும் அதனையே நம்பியிருக்கின்றனர். திங்கட் காலையிலும் வெள்ளி மாலையிலும் அவர்தம் இடத்தை நாம் அடைத்துக்கொள்ளாதிருத்தல் நன்று. 1985 மே 15 இல் குமுதினிப் படகிற் சென்ற பொதுமக்கள் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். மாவிலித்துறையில் அவர்க்கு நினைவுச் சின்னம் உண்டு. அவ்விடத்திற் சற்றே நின்று செல்க.

கயாக் எனப்படும் சிறு துடுப்போடத்தில் விருப்பமுடைய இளைஞர் கற்பிட்டி, பொத்துவில் முதலிய களப்புப் பக்கங்களை நாடுகின்றனர். அங்கே வாடகை மணிக்கணக்கில் அமைந்திருந்தால் காற்றையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். காற்றோடு அரைமணியிற் சென்ற தூரத்தை எதிர்க்காற்றில் மீள்வதற்கு ஒரு மணியும் ஆகலாம்; வாடகையும் அவ்வாறே ஏறும். முதலிற் காற்றை எதிர்த்துச் சென்று, களைத்தபின் காற்றோடு திரும்புக. மிதவை அங்கி வாடகையிற் சேர்ந்ததா என்பதையும் கேட்டறிக. அங்கி தராதவரிடம், வாடகை பாதியாயினும், ஓடம் எடுத்தல் வேண்டா.