லென்ஸ் மாட்டும் வளையம்

கேனனா, நிக்கானா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது கேமராவின் முகப்பில் லென்ஸ் மாட்டுகிற அந்த உலோக வளையத்தை. மெகாபிக்சல், திரை, வீடியோ எல்லாம் அதற்குப் பிறகு. பாடி ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும்; புதிது வந்தால் இதன் விலை பாதியாகும். லென்ஸ் அப்படியில்லை. ஒழுங்காக வைத்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் உழைக்கும். அடுத்தடுத்து எத்தனை பாடி மாற்றினாலும் அந்த வளையத்துக்குப் பொருந்துகிற லென்ஸ்கள் கூடவே வரும். முதல் கேமரா வாங்கும் நாளில் நாம் தேர்வு செய்வது அந்த வளையத்தைத்தான். இந்த விஷயத்தைக் கடைக்காரர்கள் கடைசியில்கூடச் சொல்வதில்லை.

சேலத்தில் நான் கேமரா தேடிய காலத்தில் எதிரெதிரே நின்றவை இரண்டு: 2010இல் வந்த நிக்கான் டி3100, 2011இல் வந்த கேனன் 1100டி. தாளில் எழுதிப் பார்த்தால் நிக்கானுக்கே மதிப்பெண் அதிகம். அதில் 14 மெகாபிக்சல், முழு எச்.டி. வீடியோ, 3 அங்குலத் திரை. கேனனில் 12 மெகாபிக்சல், 720 வீடியோ, 2.7 அங்குலத் திரை. எடை ஏறக்குறைய ஒன்று; இரண்டோடும் கூடவே வருவது 18-55 கிட் லென்ஸ். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை ஒன்றில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் பிடித்துப் பார்த்தேன். நிக்கானின் பிடி எனக்கு இன்னும் வாகாக இருந்தது. ஆனாலும் கேனன் வாங்கினேன். அதற்குக் காரணம் நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஒரு கதை.

நிக்கானின் லென்ஸ் வளையமான எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. அன்று போட்ட வளையத்தின் அளவை அந்தக் கம்பெனி அறுபது வருடம் மாற்றவில்லை. தானாக ஃபோகஸ் செய்கிற கேமராக்களின் காலம் வந்தபோது, 1986இல் வந்த எஃப்-501 பாடிக்குள் மோட்டாரை வைத்தார்கள். ஒரு சின்ன திருகு முனை வளையத்தின் வழியே நீண்டு லென்ஸைச் சுழற்றும். பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களைக் கைவிடக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. கேனன் வேறு வழி போனது. 1987இல் ஈ.ஓ.எஸ். 650 கேமராவோடு ஈ.எஃப். என்ற புதிய, அகலமான மவுண்ட்டைக் கொண்டுவந்து, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனி மோட்டார் வைத்து, பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே மின்தொடர்பை மட்டும் விட்டது. அதுவரை, புதிய மவுண்ட்டில் பொருந்தாத பழைய எஃப்.டி. லென்ஸ்களில் காசைக் கொட்டியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது.

அந்த இரண்டு முடிவுகளின் விளைவும் இருபது வருடம் கழித்து முதல் கேமரா வாங்குகிறவர் தலையில் வந்து விடிந்தது. 2006இல் டி40 வந்தபோது, விலையையும் எடையையும் குறைக்க நிக்கான் பாடியிலிருந்த மோட்டாரை எடுத்துவிட்டது. டி3100 வரை, அதற்குப் பிறகும், சின்ன பாடிகள் எல்லாம் அப்படியே. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ளது என்றால் சிக்கலில்லை. ஆனால் செகண்ட்ஸில் மலிவாகக் கிடைத்த பழைய நிக்கான் லென்ஸ்கள் பெரும்பாலும் மோட்டார் இல்லாதவை. மாட்டினால் மாட்டும், ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். இன்னும் பழைய, தானாக ஃபோகஸ் வருவதற்கு முந்தைய லென்ஸ் என்றால் வெளிச்சம் அளக்கும் மீட்டரும் வேலை செய்யாது. கேனனிலோ 1987இல் வந்த ஈ.எஃப். லென்ஸை எந்தச் சின்ன பாடியில் மாட்டினாலும் தானே ஃபோகஸ் ஆகும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ராசிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். அவரிடம் இரண்டு பாடி, நாலைந்து லென்ஸ். எல்லாம் கேனன். "தம்பி, பாடி உன்னுது, லென்ஸு நம்மளுது. அப்படி இருந்தாத்தான் கத்துக்க முடியும்" என்றார். சொன்னபடியே செய்தார். பொங்கலை ஒட்டிச் சேலத்துக் கிராமங்களில் எருதாட்டம் நடக்கும்போது அவருடைய 70-200 லென்ஸ் என் தோளில் தொங்கும். கயிறு கட்டிய காளையும் அதன் முன்னால் ஓடும் இளவட்டங்களும் கிட் லென்ஸுக்கு எட்டாத தூரம். அந்த லென்ஸை விலைக்கு வாங்க அன்று எனக்கு வழியே கிடையாது. ஒரு லென்ஸை நாள் கணக்கில் கையில் வைத்திருந்து பழகினால்தான் அது நமக்குத் தேவையா இல்லையா என்று தெரியும். பெருநகரத்தில் வாடகைக்கு எடுக்கலாம். எங்கள் பக்கத்தில் தெரிந்த மனிதர்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே, உன் ஊரில், உன் தெருவில், உனக்கு லென்ஸ் கடன் தரக்கூடிய ஆள் என்ன வைத்திருக்கிறார் என்று பார், அதையே வாங்கு. இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. அந்த அண்ணன் நிக்கான் வைத்திருந்தால் நானும் நிக்கான்காரனாகத்தான் இருந்திருப்பேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்திருக்காது.

கிட் லென்ஸுக்குப் பிறகு நான் வாங்கியது கேனனின் 50 மி.மீ. 1.8. 1990இல் வந்த அந்த லென்ஸின் வளையம்கூட பிளாஸ்டிக். எடை 130 கிராம். கையில் எடுத்தால் பொம்மை போலிருக்கும். ஆனால் கிட் லென்ஸ் 55இல் 5.6 வரைதான் திறக்கும் என்றால் இது 1.8 வரை திறக்கும். உள்ளே வரும் வெளிச்சம் ஒன்பது மடங்குக்கும் மேல். இதன் அருமை கொங்குக் கல்யாணங்களில் தெரியும். முதல் நாள் இரவு இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது பந்தலில் ஒரு ட்யூப் லைட், ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு. ஃபிளாஷ் அடித்தால் பாட்டியின் முகத்தில் இருக்கிற ஆழமெல்லாம் தட்டையாகிவிடும். 1.8இல் திறந்து வைத்து எடுத்தால் அந்த வெளிச்சம் அந்த வெளிச்சமாகவே வரும்.

நிக்கான் பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். 2009இல் அவர்கள் கொண்டுவந்த 35 மி.மீ. 1.8 லென்ஸுக்குள் மோட்டார் உண்டு. சின்ன பாடியிலும் தானே ஃபோகஸ் ஆகும். இந்தக் கேமராக்களின் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் கேனனில் 50 மாட்டினால் அது பார்க்கும் பரப்பு பழைய 80 மி.மீ. லென்ஸின் அளவுக்குச் சுருங்கும். முகம் எடுக்க நல்லது, அறைக்குள் நின்று குடும்பத்தை எடுக்க இடம் போதாது. நிக்கானில் 35 மாட்டினால் ஏறத்தாழ 52. பிரெஞ்சுப் படக்காரர் கார்த்தியே-பிரெசோன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு லைக்காவும் 50 லென்ஸுமாகக் கழித்தவர். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். ஊத்தங்கரை, செங்கம் வழியாக அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அவர் பழகிய அந்தப் பார்வைக்கு மிக அருகில், குறைந்த விலையில் கொண்டுபோய் விட்டது நிக்கானின் 35தான். அன்று கேனனில் அதற்கு ஈடாக, அந்த விலையில் எதுவும் இல்லை. அந்த ஒரு லென்ஸுக்காக நிக்கான் வாங்கியவர்கள் சரியாகவே வாங்கினார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2010இல் வந்த டி7000 தொட்டு நிக்கானின் பல பாடிகளில், நிழலுக்குள் புதைந்த விவரத்தைப் பிறகு மீட்டெடுக்கும் திறன் அதே காலத்துக் கேனன்களைவிட அதிகம். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத்துக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்தால் இது கண்ணுக்குத் தெரியும். வெளியே கொதிக்கும் வெயில், உள்ளே கருங்கல் தூண். கேனனில் தூணின் இருளைத் தூக்கினால் வரிவரியாக இரைச்சல் கிளம்பும். நிக்கானில் சிற்பம் எழுந்து வரும்.

ஆனால் இந்தச் சமவெளியின் வெளிச்சம் இரண்டு கம்பெனிக்காரர்களையும் ஒரே மாதிரிதான் சோதிக்கிறது. ஆத்தூர்ப் பக்கமோ ராசிபுரம் பக்கமோ ஒரு சேகோ பேக்டரிக்கு வெயில் நேரத்தில் போய்ப் பாருங்கள். குச்சிக்கிழங்கிலிருந்து எடுத்த மாவும் ஜவ்வரிசியும் களம் முழுக்கக் காயும். கண் கூசும் வெள்ளை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். அதன் கணக்கை நம்பி எடுத்தால் வெள்ளைக் களம் அழுக்குச் சாம்பலாக வரும். களத்தில் மாவைக் கிளறும் பெண்கள் கரிய நிழல்களாவார்கள். வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிவைக்க வேண்டும். நாமக்கல் மலைக்கோட்டைப் பாறையை நெருங்கிப் படம் முழுக்க அடைத்து எடுத்தால் இதற்கு நேர்மாறு: கரும்பாறை வெளிறிப் போகும், குறைத்துவைக்க வேண்டும். இப்படிக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இரண்டு கேமராவிலும் இருக்கிறது. அதைத் தொடாமலே பிராண்டு மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன், படம் மாறவில்லை.

நிறத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 'கேனன் சிவப்பு, நிக்கான் மஞ்சள்' என்பது ஸ்டுடியோக்களில் வழங்கும் பேச்சு. கேமரா தானே சமைத்துத் தரும் ஜேபெக் படங்களில் அந்த வேற்றுமை ஓரளவு உண்மை. கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள் பலர் கேனன் பக்கம் சாய்ந்ததற்கு அது ஒரு காரணம். சேலத்துக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கேவாகலரில் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எந்தச் சுருள் எந்த முகத்தை எப்படிக் காட்டும் என்று அதை நடத்திய டி.ஆர். சுந்தரத்தின் ஆட்களும் கட்டாயம் பேசியிருப்பார்கள். பேச்சு அதோடு நின்றால் நல்லது. ஆனால் இங்கே 'நல்ல நிறம்' என்பது பல நேரம் மணப்பெண்ணை வெளுப்பாக்குவது என்று ஆகிவிட்டது. ரா ஃபைலில் எடுத்து, ஒயிட் பேலன்ஸைச் சரியாக வைத்தால் இரண்டு கேமராவும் எங்கள் மக்களின் கறுப்பை, மாநிறத்தை, அதன்மேல் பூசிய மஞ்சளை, உள்ளபடியே தரும். அதைக் கெடுப்பது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதன். மாநிறப் பெண்ணை மாநிறமாகவே அழகாக எடுக்கத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல போட்டோகிராபர் என்பேன்.

பிராண்டு விசுவாசம் பேசுகிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன், 1996இல் மறைந்த காட்டுயிர் எழுத்தாளர், படக்காரர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். யானைகளை அவ்வளவு பொறுமையாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் கையில் எந்தக் கம்பெனியின் முழு கேமராவும் இல்லை. யானை எந்த நேரத்தில் எங்கே திரும்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கடைகளில் இந்த வகைக் கேமரா, புதிய டி.எஸ்.எல்.ஆர்., அருகிவிட்டது. 2018இல் இரண்டு கம்பெனிகளும் கண்ணாடியில்லாத முழுச்சட்ட மிரர்லெஸ் வரிசைகளைப் புதிய மவுண்ட்டுகளோடு தொடங்கின. அதே வருடம் வந்த டி3500தான் நிக்கானின் சின்ன டி.எஸ்.எல்.ஆர். வரிசையில் கடைசி. அதனால் பழையவை செகண்ட்ஸில் மலிவாகி, இப்போதுதான் படிக்கிற பிள்ளைகள் கைக்கு எட்டுகின்றன. திருச்செங்கோட்டில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் போன் செய்தாள்: "மாமா, செகண்ட்ஸ்ல வாங்கலாங்களா? கெட்டுப் போயிருந்தா என்ன பண்றதுங்க?"

வாங்கலாம் கண்ணு, பார்த்து வாங்கணும் என்றேன். லென்ஸின் பின்பக்கமாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்திவலை போல உள்ளே படர்ந்திருந்தால் பங்கஸ். சேலத்து வறட்சியில் அது குறைவு, ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ கிடந்த லென்ஸ் என்றால் சந்தேகப்பட வேண்டும். எங்கள் பக்கத்து நோய் தூசி. ரிக் வண்டி துளை போடும் இடத்திலும் கோழிப் பண்ணைக்குள்ளும் லென்ஸ் மாற்றியவரின் சென்சாரில் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். துவாரத்தை 16க்குச் சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் அத்தனையும் தெரிந்துவிடும். சுத்தம் செய்யலாம், பயமில்லை. ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதை நிக்கானில் படத்தின் தகவலிலிருந்தே படித்துவிடலாம். கேனனின் சின்ன பாடிகளில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். கல்யாணக்காரர்கள் வைத்திருந்த பாடி என்றால் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

"பின்னாடி மிரர்லெஸ் வாங்குனா இந்த லென்ஸ் ஆகுங்களா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. கேனனின் ஈ.எஃப். லென்ஸ்கள் ஓர் அடாப்டரோடு புதிய ஆர் வரிசைப் பாடிகளில் அப்படியே தானாக ஃபோகஸ் ஆகின்றன. நிக்கானின் அடாப்டரில் மோட்டார் இல்லை. மோட்டார் உள்ள லென்ஸ்கள் ஓடும், திருகு முனைக் காலத்து லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். 1986இலும் 1987இலும் எடுத்த முடிவுகளின் கணக்கு இன்னும் தீரவில்லை. உன் கூடப் படிப்பவர்களில், உன் துறை ஆசிரியர்களில், யாரிடம் என்ன இருக்கிறது என்று விசாரி என்றேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னாள்: டிபார்ட்மென்டில் மூன்று பேர் நிக்கான், அதில் ஒருவரிடம் அந்த 35 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, சனி ஞாயிறில் தருவதாகச் சொல்கிறார்.

அப்படியானால் நிக்கான் வாங்கு என்றேன். கூடவே ஒரு மாற்று பேட்டரியும் வாங்கச் சொன்னேன்.